பித்தப்பைக் கட்டியும் பழுப்புச் சாயமும்: ‘பொசிட்டிவ்’ என்றால் புற்றுநோயா?

வலது விலாவுக்குக் கீழே வலி என்று வைத்தியசாலைக்குப் போனால் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அந்த றிப்போர்ட்டில் சில வேளை ‘பித்தப்பையில் பொலிப்’ என்று ஒரு வரி இருக்கும். கந்தப்பளையிலோ இராகலையிலோ உள்ள ஒரு லயத்துக்கு அந்தக் காகிதம் வந்து சேரும்போது அது ‘பித்தப்பையில் கட்டி’ ஆகிவிடும். பக்கத்து லயத்துக்குச் செய்தி போகும்போது கட்டி ‘கேன்சர்’ ஆகிவிடும். வைத்தியர் சொல்லாத ஒன்றை ஊர் சொல்லி முடித்துவிடும்.

பித்தப்பையை அகற்றிய சிலருக்கு இரண்டாவது காகிதம் ஒன்றும் கிடைக்கும். அகற்றிய பையை ஆய்வுகூடத்தில் பார்த்து எழுதிய றிப்போர்ட் அது. முழுக்க ஆங்கிலம். கட்டி ஒன்று இருந்து, அதை மேலும் ஆராய்ந்திருந்தால் கடைசியில் சில குறியீடுகள் வரிசையாக இருக்கும்: சி.கே.7 பொசிட்டிவ், எம்.யு.சி.6 பொசிட்டிவ், பி53 இவ்வாறு, கி-67 இத்தனை வீதம். கொவிட் காலத்தைக் கடந்து வந்த நமக்கு ‘பொசிட்டிவ்’ என்றாலே நோய் பிடித்துவிட்டது என்றுதான் அர்த்தம். ஒரே காகிதத்தில் இரண்டு மூன்று பொசிட்டிவைப் பார்த்தால் எந்தக் குடும்பம்தான் கலங்காது?

ஆனால் இந்தப் பொசிட்டிவ் வேறு. கட்டியின் கலங்களில் எந்தப் புரதம் இருக்கிறது, எது இல்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆரோக்கியமான பித்தப்பையை எடுத்துச் சோதித்தாலும் சி.கே.7 பொசிட்டிவ் என்றுதான் வரும். இந்தப் புரத அடையாளங்கள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெரிந்துகொண்டால் தேவையில்லாத பயமும் குறையும், தேவையான கவனமும் வரும்.

பித்தப்பைக்குள் வளர்வது என்ன?

ஈரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பை, பேரிக்காய் வடிவிலான சிறிய பை. நீளம் 7 முதல் 10 சென்ரிமீற்றர். ஈரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துவைத்து, அதிலுள்ள நீரை உறிஞ்சி அடர்த்தியாக்கி, கொழுப்புள்ள சாப்பாடு குடலுக்கு வரும்போது பிழிந்து அனுப்புவது அதன் வேலை. இந்தப் பையின் உட்சுவரிலிருந்து உள்நோக்கி எது துருத்திக்கொண்டு நின்றாலும் ஸ்கேன் செய்பவர் அதைப் ‘பொலிப்’ என்று எழுதுவார். பொலிப் என்பது ஒரு வடிவத்தின் பெயர். அது என்ன நோய் என்று அந்தச் சொல் கூறுவதில்லை.

வயது வந்தோர் நூறு பேரை ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ ஐந்து பேரிடம் இப்படி ஏதாவது தென்படும். அவற்றில் பெரும்பாலானவை உண்மையான கட்டிகளே அல்ல. பித்தநீரிலுள்ள கொலஸ்ட்ரோல் உட்சுவரில் படிய, அதை விழுங்கிய கலங்கள் பருத்து மஞ்சள் நிறக் குமிழாக நிற்கும். இதுதான் கொலஸ்ட்ரோல் பொலிப். அதிகம் காணப்படுவதும் இதுவே. சிலருக்கு நீண்டகால அழற்சியால் சதை வளர்ந்திருக்கும். சிலருக்குச் சுவர்த் தசையே தடித்து, உட்படை அதற்குள் சிறு குழிகளாக இறங்கியிருக்கும். இவை மூன்றும் பொய்க் கட்டிகள்.

உட்சுவரின் கலங்களே தம் கட்டுப்பாட்டை மீறிப் பெருகி உண்டாக்கும் உண்மையான தீங்கற்ற கட்டிக்கு ‘அடினோமா’ என்று பெயர். இது அரிது. ஏதோ ஒரு காரணத்துக்காக அகற்றப்படும் பித்தப்பைகளில் இருநூறில் ஒன்றில்கூட இது இருப்பதில்லை. ஆனால் ஸ்கேன் திரையில் பொய்க் கட்டியும் அடினோமாவும் ஆரம்பநிலைப் புற்றும் ஒன்றுபோலத் தெரியக்கூடும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சத்திரசிகிச்சையைத் தீர்மானிப்பது அளவு

இரைப்பையிலோ பெருங்குடலிலோ பொலிப் இருந்தால் குழாய்க் கமெராவை அனுப்பி ஒரு துண்டைக் கிள்ளி எடுத்துப் பார்க்கலாம். பித்தப்பையில் அப்படிச் செய்வது எளிதல்ல. ஊசியால் குத்தினால் பித்தநீர் வயிற்றுக்குள் கசியலாம். உள்ளே இருப்பது புற்றாக இருந்தால் கலங்கள் வெளியே சிந்தலாம். அதனால் கட்டியின் புரதங்களைப் பார்ப்பதென்றால் பெரும்பாலும் பையை அகற்றிய பிறகுதான். சத்திரசிகிச்சை தேவையா என்பதை அந்தப் புரதங்கள் தீர்மானிப்பதில்லை.

அதைத் தீர்மானிப்பது முதன்மையாக அளவு. ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் நான்கு சேர்ந்து 2017இல் வெளியிட்டு, 2022இல் திருத்திய வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறது. பொலிப் 10 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால், உடல்நிலை இடங்கொடுத்தால், பித்தப்பையை அகற்றுவது நல்லது. 6 முதல் 9 மில்லிமீற்றர் வரை இருந்து, அதோடு ஆபத்துக் காரணி ஒன்றும் இருந்தால் அப்போதும் அகற்றலாம். ஆபத்துக் காரணி இல்லாவிட்டால் ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று மூன்று முறை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். வளரவில்லை என்றால் அத்தோடு நிறுத்திவிடலாம். 5 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவாக இருந்து, ஆபத்துக் காரணி எதுவும் இல்லையென்றால் மறுபடி ஸ்கேன்கூடத் தேவையில்லை.

அமெரிக்காவில் ஸ்கேன் துறை நிபுணர்கள் 2022இல் வெளியிட்ட பரிந்துரை இன்னும் பொறுமையானது. பொலிப் மெல்லிய காம்பில் தொங்குகிறதா, சுவரோடு அகலமாக ஒட்டியிருக்கிறதா என்று அது வடிவத்தைப் பார்க்கிறது. மெல்லிய காம்புள்ளவற்றை 15 மில்லிமீற்றரை எட்டும் வரை கண்காணித்தால் போதும் என்கிறது. வைத்தியருக்கு வைத்தியர் அறிவுரை சற்று மாறுவதற்கு இப்படிப்பட்ட வேறுபாடுகளும் காரணம்.

ஆபத்துக் காரணிகளின் பட்டியலில் மலையகத்தவர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 50 வயதைத் தாண்டியிருத்தல், பித்தக்குழாய்களைச் சுருங்கச் செய்யும் ஒருவகை அழற்சி நோய், சுவரோடு அகலமாக ஒட்டிய பொலிப் ஆகியவற்றோடு ‘இந்திய இனத்தவர்’ என்பதையும் 2017 வழிகாட்டி சேர்த்திருந்தது. 2022இல் அது ‘ஆசிய இனத்தவர்’ என்று மாற்றப்பட்டது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்டத்தின் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவானவர்கள். அப்படியானால் தோட்டங்களில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து அதிகமா?

அப்படி நேராகச் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் பித்தப்பைப் புற்றுநோய் அதிகமாகக் காணப்படுவது கங்கைச் சமவெளியிலும் அசாம் பக்கத்திலும்தான். உலகிலேயே இந்த நோய் மிகுந்த பகுதிகளில் அவையும் அடங்கும். தென்னமெரிக்காவின் சிலி நாடு இன்னொன்று. தமிழ்நாடு உட்பட்ட தென்னிந்தியாவில் இந்நோய் வடக்கைவிடப் பல மடங்கு குறைவு. மலையகத் தமிழரின் முன்னோர் வந்தது தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து. வந்து தலைமுறைகள் பல கடந்து, தண்ணீரும் சாப்பாடும் வேலையும் மாறிவிட்டன. கணக்கெடுப்புப் படிவத்தில் இருக்கும் ‘இந்திய’ என்ற சொல்லும் வைத்திய வழிகாட்டியில் இருக்கும் ‘இந்திய’ என்ற சொல்லும் ஒரே பொருளைத் தருபவை அல்ல. வைத்தியர் இதையும் ஒரு காரணியாக எண்ணிப் பார்க்கலாம். ஆனால் இனப் பெயர் ஒன்று நம் தலையில் எழுதப்பட்ட தீர்ப்பு ஆகாது.

பழுப்பு நிறம் எப்படி வருகிறது?

அகற்றிய பித்தப்பை, போமலின் ஊற்றிய போத்தலில் ஆய்வுகூடத்துக்குப் போகிறது. போமலின் இழையத்தை அழுகவிடாமல் அப்படியே பிடித்துவைக்கும். இழையத்தின் அளவைப்போலப் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. போத்தல் சிறிதாகவும் திரவம் குறைவாகவும் இருந்தால், அல்லது இழையம் வெறும் நீரில் கிடந்தால், கலங்கள் சிதைந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த சோதனை செய்தாலும் பலனில்லை.

நோயியல் நிபுணர் முதலில் கண்ணால் பார்த்து, சந்தேகமான இடங்களை வெட்டி எடுப்பார். அவை மெழுகில் பதிக்கப்பட்டு, மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு தடிப்பில் சீவப்படும். கண்ணாடித் தகட்டில் ஒட்டி ஊதாவும் இளஞ்சிவப்புமான இரண்டு சாயங்களில் தோய்த்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் கலங்களின் வடிவமும் ஒழுங்கும் தெரியும். பெரும்பாலான பித்தப்பைகளுக்குப் பதில் இந்தக் கட்டத்திலேயே கிடைத்துவிடும். கொலஸ்ட்ரோல் பொலிப் என்றால் வேறெந்தச் சோதனையும் வேண்டியதில்லை.

பதில் தெளிவாக இல்லாதபோதுதான் புரதங்களைத் தேடுகிறார்கள். உடலுக்குள் கிருமி வந்தால் அதை மட்டும் சரியாகப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளை உடல் உண்டாக்குகிறது என்று பாடசாலையில் படித்திருப்போம். ஒரு குறித்த புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியை ஆய்வுகூடத்தில் தயாரித்து, சீவிய இழையத்தின் மேல் ஊற்றினால், அந்தப் புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் அது போய் ஒட்டும். ஒட்டியதைக் கண்ணுக்குக் காட்ட அதோடு ஒரு நொதியம் இணைக்கப்படும். ஐரோப்பியர் காரத்துக்காகச் சாப்பாட்டில் சேர்க்கும் ஒரு வேரிலிருந்து பெறப்படும் நொதியம் அது. நிறமற்ற ஓர் இரசாயனத்தை அது பழுப்பாக மாற்றும். நீல நிறக் கலங்களுக்கு நடுவே பழுப்பு தெரிந்தால் அந்தப் புரதம் ‘பொசிட்டிவ்’. அவ்வளவுதான்.

பிறபொருளெதிரியில் ஒளிரும் சாயத்தை ஏற்றி இழையத்தில் ஒரு பொருளைத் தேடலாம் என்று அமெரிக்காவில் அல்பேர்ட் கூன்ஸ் 1941இல் காட்டினார். ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவுக்கு உற்பத்தி செய்யும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜில் ஜோர்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தார்கள். 1984இல் நோபல் பரிசும் பெற்றார்கள். இன்று உலகமெங்கும் புற்றுநோய் றிப்போர்ட்டுகளின் கடைசிப் பகுதியில் வரும் குறியீடுகள் எல்லாம் இந்த வழியில் வந்தவை.

எந்தப் புரதம் எதைச் சொல்கிறது?

கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குகள் குவிந்துவிட்டால் எல்லாக் கொழுந்தும் ஒரே பச்சைதான். எந்த மலையில் பறித்தது என்பதைச் சாக்கின் அடையாளத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கலங்களும் அப்படியே. கட்டியாகத் திரண்டுவிட்டால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அவற்றின் புரதங்களே சாக்கின் அடையாளம்.

முதல் வகைப் புரதங்கள் கலத்தின் பூர்வீகத்தைச் சொல்பவை. சி.கே.7 என்பது கலத்துக்கு உருவம் தரும் நார்ப் புரதம்; பித்தப்பை, பித்தக்குழாய் ஆகியவற்றின் உட்படைக் கலங்களில் இயல்பாகவே இருப்பது. சி.கே.20 குடல் சார்ந்த கலங்களுக்குரியது. எம்.யு.சி. என்று தொடங்குபவை சீதத்தின் புரதங்கள். எம்.யு.சி.2 குடலின் சீதம், எம்.யு.சி.5ஏ.சி. இரைப்பையின் மேற்பரப்புச் சீதம், எம்.யு.சி.6 இரைப்பையின் கடைவாயில் உள்ள சுரப்பிகளின் சீதம். பித்தப்பை அடினோமாக்களில் அதிகம் காணப்படும் வகை, பித்தப்பையில் இருந்துகொண்டே இரைப்பைக் கடைவாய்ச் சுரப்பியைப் போலத் தோற்றமளிக்கும், அதில் எம்.யு.சி.6 நன்றாகப் பழுப்பேறும். எனவே எம்.யு.சி.6 பொசிட்டிவ் என்ற வரி பெரும்பாலும் கட்டியின் வகையைத்தான் சொல்கிறது.

இரண்டாம் வகை, கலங்கள் பெருகும் வேகத்தைச் சொல்பவை. கி-67 இவ்வகையில் பெயர் பெற்றது. ஜெர்மனியின் கீல் நகரில் 1983இல் இதற்கான பிறபொருளெதிரியைக் கண்டறிந்த குழு, ஊரின் பெயரின் முதலெழுத்துகளையும் ஆய்வுத் தட்டில் அது இருந்த குழியின் எண்ணையும் சேர்த்து இந்தப் பெயரை வைத்தது. பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் கலங்களின் கருவில் மட்டும் இந்தப் புரதம் இருக்கும். நூறு கலங்களில் எத்தனை பழுப்பேறின என்று எண்ணி வீதமாக எழுதுவார்கள். தீங்கற்ற கட்டிகளில் இது பொதுவாகக் குறைவு, புற்றில் கூடுதல். ஆனால் பித்தப்பை அடினோமாவில் இத்தனை வீதத்துக்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு எதுவும் இல்லை. அழற்சி இருந்தாலும் பழுதைச் சரிசெய்யக் கலங்கள் வேகமாகப் பெருகும், கி-67 ஏறும். அந்த எண்ணை மட்டும் எடுத்து அடுத்த வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

மூன்றாம் வகை, கலத்தின் உள்ளே எது பழுதானது என்பதைச் சொல்பவை. பி53 இவற்றில் முக்கியமானது. கலத்தின் பரம்பரைப் பொருளில் சேதம் ஏற்பட்டால் பெருக்கத்தை நிறுத்தும் காவல்காரன் இந்தப் புரதம். ஆரோக்கியமான கலத்தில் இது உண்டாகி, வெகுநேரம் தங்காமல் உடைந்துவிடும். அதனால் அங்குமிங்கும் மெல்லிய பழுப்பாகத் தெரியும். அதை உண்டாக்கும் பரம்பரையலகு பழுதானால், உடையாத பழுதுப் புரதம் குவிந்து கட்டி முழுவதும் அடர் பழுப்பாகும். சில பழுதுகளில் புரதமே உண்டாகாமல் முற்றிலும் வெறுமையாக இருக்கும். ஆகவே பி53இல் அடர்த்தியான பொசிட்டிவும் கவலைக்குரியது. முழு நெகட்டிவும் கவலைக்குரியது. அரைகுறையாக இருப்பதே இயல்பு. றிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள்கூடத் தடுமாறும் இடம் இது.

இரண்டு வேறு பாதைகள்

பெருங்குடலில் பொலிப் மெல்ல மெல்லப் புற்றாக மாறும் என்பது நன்கு நிறுவப்பட்ட விடயம். பித்தப்பையிலும் அதே கதைதான் என்று நீண்டகாலம் கருதப்பட்டது. புரத அடையாளங்களும் அவற்றின் பின்னால் உள்ள பரம்பரையலகுச் சோதனைகளும் 2000க்குப் பிறகு இந்த எண்ணத்தை அசைத்துவிட்டன.

பீட்டா கெட்டெனின் என்ற புரதம் இயல்பாகக் கலத்தின் ஓரத்தில் இருந்துகொண்டு பக்கத்துக் கலங்களோடு ஒட்டியிருக்க உதவுகிறது. அதன் பரம்பரையலகு பழுதானால் புரதம் கலத்தின் கருவுக்குள் போய்க் குவிந்து ‘பெருகு’ என்று கட்டளையிடும். பித்தப்பை அடினோமாக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இந்தப் பழுது காணப்பட்டது. ஆனால் பித்தப்பைப் புற்றுகளைச் சோதித்தபோது அவற்றில் இது அபூர்வமாகவே இருந்தது. அங்கே அதிகம் இருந்தது பி53இன் பழுது. அதுவோ அடினோமாவில் அபூர்வம். ஒரு பாதையில் போனவர்களின் காலடித் தடம் மற்றப் பாதையில் இல்லை.

பித்தப்பைப் புற்றுநோயில் பெரும்பகுதி அடினோமாவிலிருந்து வருவதில்லை என்பதே இதன் பொருள். கற்களோடும் நீண்டகால அழற்சியோடும் வருடக்கணக்காக உரசிய உட்சுவரில், எந்தக் கட்டியும் துருத்தாமல், தட்டையான பரப்பிலேயே கலங்கள் ஒழுங்கு கெட்டு, பின்னர் புற்றாகின்றன. புற்று வந்த பித்தப்பைகளில் பெரும்பாலானவற்றில் கல் இருக்கும். இதைத் திருப்பிப் படித்துவிடக் கூடாது: கல் இருப்பவர்களில் புற்று வருவது மிகச் சிலருக்கே. தொந்தரவு தராத கல்லை வெறுமனே பயந்து அகற்ற வேண்டியதில்லை. ஆனால் அடிக்கடி வலியும் காய்ச்சலும் தந்துகொண்டிருக்கும் பித்தப்பையைக் ‘காஸ்திரிக்’ என்று பெயர் சூட்டி வருடக்கணக்கில் மாத்திரையால் அடக்கிவைப்பது வேறு விடயம்.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. பித்தப்பைக்குள் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் விரல் விரலாகக் கிளைத்து வளரும் ஒருவகைக் கட்டியை 2012இல் நோயியல் நிபுணர்கள் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்த அத்தகைய கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், அகற்றும்போதே எங்கோ ஒரு மூலையில் ஊடுருவும் புற்று இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்படுத்தலிலும் இது கடைவாய்ச் சுரப்பி அடினோமாவிலிருந்து தனியே வைக்கப்பட்டிருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ‘பித்தப்பைக்குள் கட்டி’. ஒன்றில் பை அகற்றப்பட்டதோடு கதை முடிந்துவிடும். மற்றதில் முழுக் கட்டியையும் துண்டு துண்டாக வெட்டித் தேட வேண்டும். புற்று கிடைத்தால் மேலும் சிகிச்சை வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்கும் இடத்தில்தான் எம்.யு.சி.6, பீட்டா கெட்டெனின், பி53 போன்றவை நோயியல் நிபுணருக்குக் கைகொடுக்கின்றன. அப்போதும் அவை துணைச் சாட்சிகளே. கலங்கள் சுவரைத் துளைத்து உள்ளே போயிருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பதே முதற்சாட்சி.

பித்தப்பையில் இந்தக் கேள்வி மிகவும் அவசரமானது. அதன் சுவர் மெல்லியது. குடலில் உட்படைக்கும் தசைக்கும் இடையே உள்ள அடுக்கு இங்கே கிடையாது. புற்று ஒரு படி இறங்கினாலே ஈரலுக்குப் பக்கத்தில் நிற்கும். அறிகுறி காட்டும் முன் கண்டுபிடித்தால் பை அகற்றுவதோடு குணமாகக்கூடிய நோய், பிந்தினால் மிகக் கடுமையான நோயாக மாறுவது இதனால்தான்.

இரத்தத்தில் தேடலாமா?

புரத அடையாளம் என்றதும் இரத்தப் பரிசோதனை ஒன்றால் முடித்துவிடலாமே என்று தோன்றும். சி.ஈ.ஏ., சி.ஏ.19-9 என்ற பெயர்களில் இரத்தச் சோதனைகள் இருக்கின்றன. சிறிய பித்தப்பைப் பொலிப் தீங்கானதா இல்லையா என்று அறிய இவை உதவுவதில்லை. பித்தக்குழாயில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தாலே சி.ஏ.19-9 எகிறிவிடும், புற்று இருக்க வேண்டிய அவசியமில்லை. மறுபக்கம், இந்தப் பொருளை உண்டாக்கவே முடியாத இரத்தக் கூறு உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புற்று இருந்தாலும் இது ஏறாது. கையில் இருக்கும் பணத்தை ‘கேன்சர் மார்க்கர்’ சோதனையில் போடுவதைவிட, ஆறு மாதம் கழித்து வைத்தியர் சொன்ன ஸ்கேனுக்குப் போகும் பஸ் செலவுக்கு எடுத்து வைப்பது பலன் தரும்.

கந்தப்பளையிலிருந்து பார்த்தால்

இந்த விஞ்ஞானம் எல்லாம் ஓர் இடத்தில் தங்கியிருக்கிறது: அகற்றிய பித்தப்பை ஆய்வுகூடத்துக்குப் போய், அதன் றிப்போர்ட் நோயாளியின் கைக்குத் திரும்பி வர வேண்டும். இலங்கையில் அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம். ஆனால் வைத்தியசாலைக்குப் போகும் நாள் இலவசமல்ல. மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. கந்தப்பளையிலிருந்து நுவரெலியா பஸ்ஸில் போய்வரும் தூரம். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினால் இறம்பொடை வழியாக மேலும் எழுபது கிலோமீற்றருக்கு மேல் மலைப்பாதை. மஹரகம என்றால் கொழும்புப் பக்கம். கூட ஒருவர் போக வேண்டும். அவருக்கும் பேர் இல்லை.

அதனால் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்து, தையல் பிரித்து, வலியும் போய்விட்டால், றிப்போர்ட் வாங்கப் போவது தள்ளிப்போகும். ‘பை எடுத்தாச்சு, எல்லாம் சரி’ என்று தோன்றும். கல்லுக்காக அகற்றிய பித்தப்பையில் யாரும் எதிர்பாராமல் ஆரம்பநிலைப் புற்று தென்படுவது உலகெங்கும் நடக்கிறது. அரிதாக என்றாலும் நடக்கிறது. உட்படையோடு நின்ற புற்று என்றால் அகற்றியதே சிகிச்சை. அதைத் தாண்டியிருந்தால் மேலும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்; அதற்குக் காலம் முக்கியம். இதை நோயாளிக்குச் சொல்லக்கூடியது அந்த வாங்கப்படாத காகிதம் ஒன்றுதான்.

மொழி இன்னொரு தடை. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. ஆனாலும் நோயியல் றிப்போர்ட் ஆங்கிலத்தில் வருகிறது. விளக்கம் பல வேளை சிங்களத்தில் வருகிறது. நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோவது ‘ஏதோ பொசிட்டிவாம்’ என்ற ஒரு சொல்லை. உயர்தரம் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். கைத்தொலைபேசியில் பி53 என்று தேடினால் முதலில் வருவதெல்லாம் புற்றுநோய். பிள்ளையின் முகத்தைப் பார்த்தே தாய் எல்லாவற்றையும் ‘புரிந்து’கொள்வாள்.

ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது கேட்க வேண்டிய சில கேள்விகளைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

ஸ்கேனில் பொலிப் என்று வந்திருந்தால்: அது எத்தனை மில்லிமீற்றர்? ஒன்றா, பலவா? காம்பு உள்ளதா, சுவரோடு ஒட்டியதா? அடுத்த ஸ்கேன் எப்போது? பழைய ஸ்கேன் றிப்போர்ட்டை எறிந்துவிடாமல் கொண்டுபோங்கள். வளர்ந்ததா என்று சொல்ல இரண்டு அளவுகள் வேண்டும்.

பித்தப்பையை அகற்றியிருந்தால்: பையை ஆய்வுக்கு அனுப்பினார்களா? றிப்போர்ட் எந்தத் திகதியில், எந்த இடத்தில் கிடைக்கும்? வேறொருவர் வந்து வாங்கலாமா?

றிப்போர்ட் கையில் இருந்தால்: கடைசிப் பகுதியில் உள்ள குறியீடுகளில் கண்ணை வைக்க வேண்டாம். முடிவுரை என்ற பகுதியில் நோயின் பெயர் என்ன? புற்றா, இல்லையா? கலங்களின் ஒழுங்கு கெட்டிருந்தால் இலேசாகவா, கடுமையாகவா? அகற்றிய ஓரத்தில் ஏதாவது மீதி இருக்கிறதா? இன்னும் சிகிச்சையோ சோதனையோ வேண்டுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிட்டால், சி.கே.7 பொசிட்டிவா நெகட்டிவா என்பது நோயியல் நிபுணரின் கவலை; நம்முடையது அல்ல.

கண் மஞ்சளாதல், வலியோடு குளிர்காய்ச்சல், காரணமில்லாமல் உடல் மெலிதல், வலது விலாவின் கீழ் தொட்டால் உணரும் வீக்கம் ஆகியவை இருந்தால் தோட்ட டிஸ்பென்சரியின் மாத்திரையோடு நிறுத்தக் கூடாது. அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவும் கூடாது.

பித்தப்பையில் கட்டி என்று கேள்விப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோரிடம் இருப்பது கொலஸ்ட்ரோல் குமிழ். உண்மையான அடினோமா உள்ளவர்களிலும் பெரும்பாலானோருக்குப் பை அகற்றப்படுவதோடு முடிந்துவிடும். இந்த நல்ல செய்தியை உறுதிப்படுத்தித் தருவதும், எஞ்சிய சிலரைக் காலத்தோடு பிடித்துக் காட்டுவதும் அந்த மெல்லிய பழுப்புத் தகடுதான். அதற்கு ஒரு போத்தல் போமலினும், றிப்போர்ட் வாங்க ஒரு நாளும், அதைத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் வேண்டும். பிறபொருளெதிரியைக் கண்டுபிடிப்பது நம் கையில் இல்லாவிட்டாலும், இந்த மூன்றில் இரண்டையாவது தோட்டத்துச் சங்கங்களும் வாசிகசாலைகளும் படித்த இளைஞர்களும் சேர்ந்து செய்து கொடுக்க முடியும்.